தாளின் பின்பக்கம்

பஸ் நின்று திரும்புகிற இடத்திலிருந்து மலையைப் பார்த்து அரை மணி நேரம் நடந்தால் ஓர் ஓட்டு வீடு வரும். ஊர்க்காரர்கள் அதை மடம் என்பார்கள். மடத்துக்குரிய அடையாளம் எதுவும் அங்கே கிடையாது. பூங்கோதை என்ற பெண் அங்கே தனியாக இருந்தார். வயது நாற்பத்து மூன்று. அரசு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், பதினாறு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

காலையில் யாரோடும் பேச மாட்டார். மத்தியானத்துக்கு மேல் வருகிறவர்களோடு பேசுவார். அப்படி வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள். தங்களை அவருடைய சீடர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் அப்படிச் சொன்னதில்லை.

அவர்களில் மூத்தவர் அறவாழி. உளவியல் பேராசிரியர். ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்த நாலாவது மாதம் யாரோ சொல்லி இங்கே வந்தார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரை "அம்மா" என்று கூப்பிட முதலில் கூச்சமாக இருந்தது. ஆறு வருடத்தில் அது பழகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. பூங்கோதை அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். அறவாழி செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா."

"ஒரு கேள்வியை விட்டுட்டேம்மா. என்ன கேள்வின்னு தெரியல."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய மாவட்டத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். எவ்வளவு மார்க் வாங்குகிறார்கள் என்பதற்காக அல்ல. நன்றாக இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. அந்தக் குழுவுக்கு அறவாழிதான் தலைவர். ஆசையோடு ஏற்றுக்கொண்ட வேலை அது. இரண்டு வருடம் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரித்தார். மொத்தம் நாற்பது வாக்கியங்கள். "நான் இரவில் நன்றாகத் தூங்குகிறேன்." "எனக்குப் பள்ளியில் நண்பர்கள் இருக்கிறார்கள்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே ஐந்து வட்டங்கள். ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி எப்போதும் என்பதில் முடியும். சின்னப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று வட்டங்களுக்கு மேலே முகங்கள் வரைந்திருந்தார்கள். முதல் முகம் அழும். கடைசி முகம் சிரிக்கும். பிள்ளைகள் ஒரு வட்டத்தைப் பென்சிலால் நிரப்பினால் போதும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள். முப்பத்தோராயிரம் பிள்ளைகள். எல்லாப் பள்ளிகளிலும் முதலாவதாக வந்தது ஒரு சின்ன ஊரின் நடுநிலைப் பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். ஐந்துக்கு நாலு புள்ளி எட்டு. அறவாழியே நேரில் போய்த் தலைமையாசிரியருக்குச் சால்வை போட்டுவிட்டு வந்தார். பத்திரிகையில் படம் வந்தது.

அதற்கு ஒன்பதாவது நாள், அந்தப் பள்ளியில் ஏழாவது படிக்கிற வெண்ணிலா என்ற பெண்ணைக் காணவில்லை. மறுநாள் காலை எண்பது கிலோமீட்டர் தள்ளி, சேலம் பஸ் ஸ்டாண்டில், ஸ்கூல் யூனிஃபார்மோடு தனியாக உட்கார்ந்திருந்தவளைப் போலீஸ்காரர்கள் பார்த்தார்கள்.

"இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார் பூங்கோதை அம்மா.

"குழந்தைகள் இல்லத்துல. யாரோடயும் பேச மாட்டேங்கறா. பேரு மட்டும் சொன்னா. வீட்டைப் போய்ப் பாத்தாங்க, பூட்டியிருக்கு. கூட இருந்த பெரியம்மாவையும் காணோம். அப்பா அம்மா ரெண்டு பேரும் வெளி மாநிலத்துல வேலையாம். எந்த இடம்னு அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியல."

மடியிலிருந்த தாள்களில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது அவ நிரப்பினது. நகல் எடுத்துக் கொண்டு வந்தேன். பாருங்க."

நாற்பது வட்டங்கள். நாற்பதும் ஒரே வரிசையில், சிரிக்கிற முகத்துக்குக் கீழே, கோடு தாண்டாமல் நிரப்பியிருந்தது.

"நாற்பதுல ஒண்ணுகூட அவளைத் தொடலம்மா. அப்ப நாற்பத்தொண்ணாவதா ஒண்ணு இருந்திருக்கணும். அதை நான் கேக்கல. பத்து நாள்ல திருத்தின தாளைக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

பூங்கோதை அம்மா நகலைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த இன்னொண்ணு?"

"அது நிரப்பாத தாள்."

"பென்சில் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க நிரப்புங்க."

அறவாழிக்குச் சிரிப்பு வந்தது. "இது பத்துலருந்து பதினாலு வயசுப் பிள்ளைங்களுக்கு."

"பரவாயில்ல."

அவர் பையை மடியில் படுக்க வைத்து, அதன் மேல் தாளை வைத்து நிரப்பினார். தானே எழுதிய வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எதற்காக வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் முடிந்தது. பூங்கோதை அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் பார்த்தார்.

"இதைக் கூட்டினா எவ்வளவு வரும்?"

அறவாழி மனக்கணக்காகப் போட்டார். "நாலு புள்ளி ஆறு."

"நல்லா இருக்கீங்க. சந்தோஷம்."

தாளை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி அவரைக்காயை எடுத்தார்.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறவாழி மடித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முறத்தில் இருந்த காய் பாதியாகிவிட்டது.

"அம்மா, பதினேழாவது சரியில்ல."

"அது என்னது?"

"தூக்கம். தூக்கம் வர மூணு மணி ஆயிடுது."

"சரி."

"இருபத்து மூணும் சரியில்ல. மனசுல இருக்கிறதைச் சொல்ல வீட்ல ஒருத்தர் இருக்காங்களான்னு கேக்கற கேள்வி. 'பெரும்பாலும்'னு போட்டிருக்கேன்." நிறுத்தினார். "வீட்ல யாருமே இல்லையே."

"பின்ன ஏன் அப்படிப் போட்டீங்க?"

யோசித்தார். முப்பத்து நாலு வருடம் மற்றவர்களின் பதில்களை ஆராய்ந்தவர். தன் பதிலுக்குக் காரணம் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

"நீங்க படிப்பீங்கன்னு தெரியும். படிச்சா வருத்தப்படுவீங்க. ஏதாவது கேப்பீங்க. அதுக்கு நான் பதில் சொல்லணும்."

பூங்கோதை அம்மா தலையசைத்தார்.

"வார்டுல இதே மாதிரி முகம் போட்ட அட்டை ஒண்ணு உண்டு," என்றார். "வலி எவ்வளவு இருக்குன்னு பிள்ளைங்க தொட்டுக் காட்டணும். ஒரு பொண்ணு, ஏழு வயசு. இடுப்பெலும்புல ஆபரேஷன். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கும். அட்டையை நீட்டினா சிரிக்கிற முகத்தைத் தொடும். நானும் வலியில்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேன். நாலு நாள் எழுதினேன்."

"ஊசிக்குப் பயமா?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். முதல் நாள், நான் டூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி, அது அழுகிற முகத்தைத் தொட்டிருக்கு. அவ அம்மா பக்கத்துல நின்னு பாத்திருக்கா. பாத்துட்டு, வராந்தாவுக்குப் போய் அழுதிருக்கா. போனவ ரொம்ப நேரம் திரும்பி வரல."

"அவளே சொன்னாளா?"

"அஞ்சாம் நாள் கரண்ட் போயிடுச்சு. எனக்கு ஒரு வேலையும் ஓடல. அவ கட்டில்ல சும்மா உக்காந்திருந்தேன். அப்ப சொன்னா."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் நின்றார்.

"போய் அந்தப் பொண்ணுகிட்ட உக்காருங்க ஐயா."

"என்ன கேக்கட்டும்?"

"ஒண்ணும் கேக்காதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவ கேக்கற வரைக்கும்."

"பத்து நாள்ல புதுத் தாளை..."

அவர் உள்ளே போய்விட்டார்.

அறவாழி குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். பல்கலைக்கழகத்தில் விடுப்புச் சொன்னார். திங்கட்கிழமை மத்தியானம் இல்லத்துக்குப் போனார். பொறுப்பாளர் ஜெசிந்தா அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். அங்கே ஓர் ஒல்லியான பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரும் செய்யச் சொல்லல சார். அவளாத்தான் போய் உக்காந்துக்கறா. நாற்பத்திரெண்டு டம்ளரையும் ரெண்டு தடவை கழுவறா."

அறவாழி தொட்டிச் சுவரின் மேல் உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை. கொஞ்ச நேரம்தான் அவரால் சும்மா இருக்க முடிந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்ட்டேன் சார்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் சார்."

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்பது தெரிந்தது. அந்தக் குரலில் குறை சொல்ல எதுவும் இல்லை. கோடு தாண்டாத குரல். அன்றைக்கு அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாக்கு நுனிக்குக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. அப்படியே விழுங்கினார். அவள் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. நாலாவது நாள், கொடியில் கிடந்த ஒரு துணியை எடுத்து, அவள் கழுவி வைத்த டம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜெசிந்தா வந்து பார்த்தார். "கவுன்சிலிங் எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"இல்லம்மா. டம்ளர் துடைக்கறேன்."

ஜெசிந்தா ஒன்றும் புரியாமல் போனார்.

ஏழாவது நாள் அவர் துடைத்து வைத்த ஒரு டம்ளரை வெண்ணிலா எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுல சோப்பு போகல."

அவரே மறுபடி கழுவினார். அவளிடம் காட்டினார். அவள் வாங்கி வரிசையில் வைத்தாள்.

பத்து நாள் முடிந்தது. அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். பன்னிரண்டாவது நாள், பாதி டம்ளர் கழுவியிருக்கும்போது, அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"சார், எங்க ஸ்கூலுக்கு வந்தது நீங்கதான?"

"ஆமா."

"ஹெச்.எம். சாருக்குச் சால்வை போட்டீங்க."

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் போயிட்டீங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "விழா முடிஞ்சிருச்சு."

அவள் ஒரு டம்ளரைக் கழுவி முடித்தாள்.

"நான் கார்கிட்ட வந்து நின்னேன். நீங்க கை ஆட்டினீங்க." இன்னொரு டம்ளரை எடுத்தாள். "அப்ப, என் பேப்பரைப் படிச்சிட்டு நீங்க வரலையா?"

படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது.

"உன் பேப்பரை அதுக்கப்புறம்தாம்மா பாத்தேன். எல்லாத்துக்கும் 'எப்போதும்'னு போட்டிருந்தே."

"முன்பக்கம் இல்ல சார். முன்பக்கம் டீச்சர் சொன்ன மாதிரி போட்டேன். ஸ்கூல் பேரு கெட்டுரக் கூடாது, எல்லாரும் நல்லா போடுங்கன்னு சொன்னாங்க. நான் பின்னாடி எழுதியிருந்தேன்."

அறவாழியின் கையில் துணி அப்படியே நின்றது.

"பின்னாடியா?"

"யாருமே திருப்பிப் பாக்கலையா?"

"மெஷின்தாம்மா படிக்கும். அதுக்கு ஒரு பக்கம்தான் படிக்கத் தெரியும்."

"ஓ," என்றாள் வெண்ணிலா. மிச்ச டம்ளர்களைக் கழுவி முடித்தாள்.

அங்கிருந்து அவர் நேராக, தாள்கள் கட்டி வைத்திருந்த கிடங்குக்குப் போனார். பள்ளி வாரியாக மூட்டை கட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளியின் கட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மொத்தம் எண்பத்தாறு தாள்கள். வரிசை எண் பார்த்து அவளுடைய தாளை உருவினார். முன்பக்கம் அவருக்கு மனப்பாடம். திருப்பினார். கீழ் ஓரத்தில், பென்சிலால், சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது.

'இதைப் படிக்கிறவங்க எங்க ஸ்கூலுக்கு ஒரு நாள் வாங்க. தனியா வாங்க. நான் ஏழாம் வகுப்பு, மூணாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம். வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.'

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊருக்கு அவர் ஏற்கெனவே போயிருந்தார். அந்த வகுப்பறைக்குள்ளும் போயிருந்தார். ஜன்னல் அவருக்கு ஞாபகம் இருந்தது. வெளியே ஒரு புளியமரம், கீழே அவருடைய கார். பெஞ்சுகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஞாபகம் இல்லை. தான் மேடையில் என்ன பேசினோம் என்பது ஞாபகம் இருந்தது. "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குரல்களில் இவளுடையதும் இருந்திருக்கும்.

அந்த மூட்டையில் இருந்த மற்ற தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. ஒன்றில் ஒரு ஆட்டுக்குட்டிப் படம். ஒன்றில், 'எனக்கு போர்டு தெரியல, முன்னாடி உக்கார வைங்க' என்று இருந்தது. ஒன்றில் எழுதி அழித்திருந்தது. என்ன எழுத்து என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படிக்க முடியவில்லை.

மறுநாள் இல்லத்துக்கு அந்தத் தாளோடு போனார். தொட்டிச் சுவரில், ஈரமில்லாத இடமாகப் பார்த்து, பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தார்.

"நேத்துத்தாம்மா படிச்சேன். அதான் வந்திருக்கேன்."

வெண்ணிலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். வேறு யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தாள். மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பாவும் அம்மாவும் குடகுப் பக்கம் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். இவளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மாவின் மகளுக்குத் திருப்பூரில் பிரசவம். பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று பெரியம்மா போனாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மகளுக்கும் முடியவில்லை என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. அப்புறம் போனும் இல்லை. அம்மாவின் நம்பருக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போட்டுப் பார்த்தாள். ஆஃப் ஆகியிருந்தது. தினமும் போட்டாள். தினமும் ஆஃப்.

மூன்று மாதம் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். ரேஷன் அரிசி இருந்தது. மத்தியானம் பள்ளியில் சாப்பாடு. யாராவது பெரியம்மாவைக் கேட்டால் உள்ளே படுத்திருக்கிறாள் என்றோ காட்டுக்குப் போயிருக்கிறாள் என்றோ சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு விளக்கு வைத்தாள். காலையில் வாசல் தெளித்தாள். துணியைத் துவைத்து, பெரியம்மாவின் சேலை ஒன்றையும் சேர்த்துக் கொடியில் போட்டாள்.

"சொன்னா இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவாங்க சார். அம்மா வந்தா வீடு பூட்டியிருக்கும். அதான் யார்கிட்டயும் சொல்லல. தெரியாதவங்க யாராவது வந்தா சொல்லலாம்னு இருந்தேன். நீங்களும் போயிட்டதும் அம்மாவைத் தேடி நானே கிளம்பினேன், சேலம் வரைக்கும்தான் காசு இருந்துச்சு."

அறவாழி தலையசைத்தார்.

"ஆனா நான் பொய் போடல சார்," என்றாள் அவள். "உங்க பேப்பர்ல ஒண்ணு கேட்டிருந்துச்சு. 'என் வீட்டில் இருப்பவர்கள் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்'னு. வீட்டில நான் மட்டும்தான் இருந்தேன். நான் என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

அறவாழி துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த இடம் ஈரம் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

டம்ளர்களையெல்லாம் உள்ளே கொண்டுபோய் வைத்த பிறகு அவர் ஒன்று கேட்டார். "அம்மா இருக்கிற தோட்டத்துக்குப் பேரு தெரியுமா?"

"பேரு தெரியாது. கேட்டுல ரெண்டு சிங்க பொம்மை இருக்குமாம். ஒண்ணுக்கு வால் உடைஞ்சிருக்குமாம். அம்மா சொல்லிச் சிரிக்கும்."

அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு அறவாழி கிளம்பினார். கன்னடம் தெரிந்த ஒரு ஏட்டையாவைத் துணைக்கு அனுப்பினார்கள். மலைச் சாலையில் ஐந்து நாள் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்கள். சிங்கம் வைத்த கேட்டுகள் நிறைய இருந்தன. ஆறாவது நாள் வால் உடைந்த சிங்கம் கிடைத்தது. உள்ளே வெண்ணிலாவின் அம்மா, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பழம் பறித்துக்கொண்டிருந்தாள். போன் ஓடையில் விழுந்துவிட்டதாம். நம்பரெல்லாம் அதில்தான் இருந்ததாம். அக்கா கூட இருக்கிறாள் என்ற தைரியத்தில் இருந்தாளாம். விஷயத்தைக் கேட்டதும் பறித்த பழத்தைக் கூடையோடு போட்டுவிட்டு மறு சரிவில் இருந்த கணவனிடம் ஓடினாள்.

இல்லத்தின் வாசலில் தாயும் மகளும் பார்த்துக்கொண்டபோது அறவாழி தள்ளி நின்றார். அம்மா மகளின் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள். சுருங்கிப்போன விரல்களைப் பார்த்துவிட்டு அழுதாள்.

வெண்ணிலா அழவில்லை. "வீட்டைக் கூட்டிட்டுத்தாம்மா கிளம்பினேன்," என்றாள்.

கார்த்திகை பிறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து அறவாழி மடத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கால் முட்டி வீங்கியிருந்தது. பூங்கோதை அம்மா எதுவும் கேட்கவில்லை. சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். டம்ளரில் சோப்பு போகவில்லை என்று அவள் சொன்னதையும் விடவில்லை.

"இப்ப அம்மாகூடத்தான் இருக்கா. அப்பா மட்டும் தோட்டத்துக்குத் திரும்பிப் போனாரு. பெரியம்மாவும் வந்துட்டாங்க. ஊரே அந்தம்மாவைத் திட்டிக்கிட்டிருக்கு. அந்தம்மா பேரப்பிள்ளை பிழைக்குமான்னு ஆஸ்பத்திரியில கிடந்திருக்காங்க. யாரைத் திட்டறது?"

"நீங்க தூங்கறீங்களா?"

"இல்லம்மா," என்றார் அறவாழி. "மூட்டைங்களைப் பிரிச்சேன். முப்பத்தோராயிரம் தாளையும் திருப்பிப் பாத்தாச்சு. ரெண்டு மாணவிங்க கூட இருந்து உதவி பண்ணினாங்க. அறுநூத்திப் பத்தொன்பது தாள்ல பின்னாடி ஏதோ எழுதியிருக்கு. எழுதச் சொல்லி யாரும் சொல்லல. எழுத இடமும் விடல. ஆனா எழுதியிருக்காங்க. அதுல இருபத்து மூணு பிள்ளைங்களைத்தான் இதுவரைக்கும் போய்ப் பாத்திருக்கேன்."

"மிச்சம்?"

"ஐநூத்தித் தொண்ணூத்தாறு."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் இன்னும் நாலு மாவட்டத்துல செய்யணும்கறாங்கம்மா. ரெண்டு லட்சம் பிள்ளைங்க. நேத்துக் கூட்டம் போட்டாங்க. வேண்டாம்னு சொல்லிடலாமான்னு பாத்தேன். ஆனா அந்தத் தாளாலதான் ஒரு ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே இல்லைன்னு தெரிய வந்துச்சு. மறுவாரமே போட்டுட்டாங்க. முன்பக்கத்தாலயும் பிரயோசனம் இருக்கு."

"இருக்கட்டும்."

"பின்பக்கத்துல எழுதறதுக்கு இடம் விடுவோம்னு சொன்னேன். எழுதினா யாரு படிக்கறதுன்னு கேட்டாங்க. படிச்சா யாரு போறதுன்னு கேட்டாங்க. ரெண்டு லட்சம் பேரு வீட்டுக்கு நடக்க முடியுமா சார்னு ஒருத்தர் சிரிச்சாரு. நியாயமான கேள்விதான்." அறவாழி முட்டியைத் தடவிக்கொண்டார். "நான் ஒருத்தன்தானேம்மா."

பூங்கோதை அம்மா அவரைப் பார்த்தார்.

"அந்த வீட்டுல அவளும் ஒருத்திதானே இருந்தா."